மத்தளையைக் காட்டிப் பலாலியை அளக்காதீர்கள்

கேகாலை பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையிலும் இதைக் கேட்கிறேன், கொழும்புப் பத்திரிகைகளின் பத்திகளிலும் வாசிக்கிறேன், தொலைக்காட்சி விவாதங்களில் படித்த மனிதர்களும் அடித்துச் சொல்கிறார்கள்: "இந்தச் சின்னத் தீவுக்குக் கட்டுநாயக்க ஒன்றே போதும். பிராந்திய விமான நிலையம் எல்லாம் வெள்ளை யானை. மத்தளையைப் பார்த்தும் புத்தி வரவில்லையா?" பேச்சு தொடங்குவது மத்தளையில், போய் முடிவது பலாலியில். நாளுக்கு ஒன்றிரண்டு சின்ன விமானங்கள் வந்து போவதற்காக யாழ்ப்பாணத்தில் சுங்கம், குடிவரவு, தீயணைப்பு, கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று இத்தனை பேரை வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். 2022 இல் நாடு வங்குரோத்தான பிறகு, இந்தக் கேள்விக்கு மறுபேச்சே கிடையாது என்பது போல ஆகிவிட்டது.

மறுபேச்சு உண்டு. அதை யாழ்ப்பாணத்தவர் ஒருவர் எழுதினால் ஊர்ப்பாசம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவன், கேகாலையில் வாழ்கிறவன். கட்டுநாயக்க எனக்கு இரண்டு மணி நேரம். பலாலிக்குப் போய் நான் ஒருநாளும் விமானம் ஏறப்போவதில்லை. அங்கே ஓடுபாதை நீண்டாலும் குறுகினாலும் என் பயணத்தில் ஒரு நிமிடமும் மாறாது. ஆனால் தூரம் என்பது ஏழைக்கு என்ன விலை, "நட்டம்" என்று சொல்லி ஒரு வழியை மூடினால் அந்த வழியோரத்து மக்களுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் எங்கள் களனிப் பள்ளத்தாக்கு அனுபவித்துத் தெரிந்துகொண்டவை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் மத்தளை. அதைக் காப்பாற்ற நான் வரவில்லை. 2013 மார்ச் 18 ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்குச் செலவு 20.9 கோடி அமெரிக்க டொலர். அதில் 19 கோடி டொலர் சீனாவின் எக்ஸிம் வங்கிக் கடன். 3,500 மீற்றர் ஓடுபாதை. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏ380 கூட இறங்கலாம். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளுக்கு இடம் என்றார்கள். அந்தப் பத்து இலட்சம் பேரும் எந்த ஊரிலிருந்து, எந்த வேலையாக, எங்கே போக வருவார்கள் என்ற கணக்கு மட்டும் மக்கள் கண்ணில் படவில்லை. ஹம்பாந்தோட்டை அன்றைய ஜனாதிபதியின் சொந்த மாவட்டம். துறைமுகம், கிரிக்கெட் மைதானம், மாநாட்டு மண்டபம் என்று அடுத்தடுத்து எழுந்தவற்றோடு விமான நிலையமும் எழுந்தது. அது எழுந்த இடம் யானைகள் நடமாடிய காடு. வலசை வரும் பறவைகளின் வானம். 2016 இல் ஓடுபாதைப் பக்கம் வந்த விலங்குகளை விரட்ட நூற்றுக்கணக்கான இராணுவத்தினரையும் பொலிஸாரையும் இறக்க வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் விருப்பத்துக்காக அங்கே இறங்கிக்கொண்டிருந்த ஸ்ரீலங்கன் விமான சேவை, ஆட்சி மாறிய 2015 ஜனவரியிலேயே நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு சரக்குக் கூடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. மிஞ்சியிருந்த ஃபிளைடுபாயும் 2018 இல் போய்விட்டது.

இவை எல்லாம் உண்மை. இந்த உண்மையிலிருந்து "கொழும்புக்கு வெளியே விமான நிலையம் கட்டினால் தோற்கும்" என்ற முடிவுக்கு எப்படித் தாவுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கிணறு வறண்டுபோனதற்குக் காரணம் ஊற்றில்லாத இடத்தில் தோண்டியது. அதைப் பார்த்து ஊற்றுள்ள இடத்திலும் தோண்டாதே என்று யாராவது சொல்வார்களா? மத்தளையில் முதலில் கட்டடம் வந்தது. பிறகு பயணிகளைத் தேடினார்கள். பலாலியில் பயணிகள் முதலிலேயே இருந்தார்கள். கட்டடம்தான் அவர்களைத் தேடிப் பிந்தி வந்தது.

மத்தளையிலும் ஒரு பயன் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ஒரு விமானம் புறப்படும்போதே, போகும் இடத்தில் இறங்க முடியாமல் போனால் எங்கே இறங்குவது என்பதற்கு ஒரு மாற்று நிலையத்தைக் குறித்து, அங்கே போகும் அளவுக்கு எரிபொருளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பெரிய விமானங்களுக்குக் கட்டுநாயக்கவை விட்டால் தீவுக்குள் வேறு இடம் இல்லாதிருந்த காலத்தில் அந்த மாற்று இந்தியாவிலோ மாலைதீவிலோதான் இருந்தது. 2017 இல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கட்டுநாயக்கவின் ஒரே ஓடுபாதையைப் பகல் முழுக்க மூடிப் புதுப்பித்தபோது, ஒரே ஒரு கதவுள்ள வீட்டில் குடியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று நாடு பார்த்தது. அதற்காக 20.9 கோடி டொலரை நியாயப்படுத்த முடியாது. "ஒன்றே போதும்" என்பதையும் நியாயப்படுத்த முடியாது.

இனிப் பலாலி.

இதைப் புதிய ஆடம்பரம் போலப் பேசுகிறவர்களுக்கு ஒரு திகதியை நினைவூட்ட வேண்டும்: 1947 டிசம்பர் 10. சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முந்தி, எயார் சிலோன் என்ற நம் தேசிய விமான சேவையின் முதல் விமானம் பறந்தது. 'சீதாதேவி' என்று பெயர் சூட்டப்பட்ட டக்கோட்டா அது. இரத்மலானையிலிருந்து கிளம்பி, அன்று காங்கேசன்துறை என்று சொல்லப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. இந்த நாடு தன் பெயரில் வானில் ஏறிய முதல் நாளே பலாலித் தரையைத் தொட்டுத்தான் அயல்நாட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படை அமைத்த ஓடுபாதையை, சண்டை முடிந்ததும் பொதுமக்கள் பாவித்தார்கள். யாரும் அதை வெள்ளை யானை என்று சொல்லவில்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் போவது யாழ்ப்பாணத்து மனிதருக்குப் பக்கத்து ஊர்ப் பயணம் போல இருந்த காலம் அது.

வரைபடத்தை விரித்து வைத்தால் இது இன்னும் தெளிவாகும். பலாலியிலிருந்து திருச்சி, பறவை பறக்கும் கணக்கில் 200 கிலோமீற்றர்கூட இல்லை. கொழும்பு அதைவிட வெகுதூரம். அப்படியிருந்தும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அல்ல, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, திருச்சி போக வேண்டிய யாழ்ப்பாணத்தவர் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே இறங்கி, கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்பப் பறந்தார். போர் அந்தச் சுற்றுவழியைக் கட்டாயமாக்கியது. "கட்டுநாயக்க போதும்" என்பவர்கள், போர் செய்ததைச் சமாதான காலத்திலும் தொடரச் சொல்கிறார்கள்.

அந்தச் சுற்றுவழியில் என்னென்ன இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை போரால் மூடிக்கிடந்த ஆண்டுகளில் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறப்பது தவிர வேறு வழி அரிதாக இருந்தது. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி அப்படிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்து 55 உயிர்கள் போயின. கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்களோ வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொழும்புக் கோட்டைப் பக்கத்திலும் லொட்ஜ்களில் காத்திருந்தார்கள்: கடவுச்சீட்டுக்கு, விசாவுக்கு, விமானத்துக்கு. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் பொலிஸார் அந்த லொட்ஜ்களுக்குள் நுழைந்து, தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. விமானம் ஏறுவதற்காகவே தலைநகரில் அறை எடுத்துத் தங்க வேண்டிய நிலை ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஏன் வந்தது என்று இன்றைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பலாலி மறுபடி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 அக்டோபர் 17. நவம்பர் 11 ஆம் திகதி சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் பயணிகள் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தப்பட்டது. அதாவது நான்கு மாதம் ஓடியது. இங்கேதான் வாசகர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கட்டுநாயக்க 2021 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பலாலிக்குத் திரும்ப விமானம் வந்தது 2022 டிசம்பர் 12. அங்கே திறந்தபின் இங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதம். அந்த இடைவெளியில்தான் "பார்த்தீர்களா, ஆளில்லை, காடு பிடித்துக் கிடக்கிறது" என்ற பேச்சு பரவியது. கதவைப் பூட்டிவைத்துவிட்டு, வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை என்று சாட்சி சொன்ன கதை இது. திறந்து விட்டதும் என்ன நடந்தது? 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ சென்னையிலிருந்து தினமும் பறக்க வந்தது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் வந்தது. தனியார் நிறுவனமொன்று யாழ்ப்பாணத்தின் மேல் இரக்கப்பட்டு விமானம் விடாது. ஆசனத்துக்கு ஆள் இருக்கிறார் என்று கண்டுதான் விடுகிறது.

நட்டம் என்ற வாதத்துக்கு வருவோம். அதன் உள்ளே இருக்கும் வேலைமுறை தெரிந்தால் வாதம் பாதியாகக் குறையும். ஒரு விமான நிலையத்தில் நாளுக்கு ஒரு விமானம் இறங்கினாலும் பத்து இறங்கினாலும் தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும், கோபுரத்தில் ஆள் இருக்க வேண்டும், வானிலை பார்க்க வேண்டும், குடிவரவு மேசையிலும் சுங்கத்திலும் அலுவலர் வேண்டும், ஓடுபாதை விளக்கு எரிய வேண்டும். இந்தச் செலவு பயணிகளின் தொகையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. ஆகவே விமானம் குறைவாக வந்தால் தலைக்கு விழும் செலவு மலைபோலத் தெரியும். ஒன்று இரண்டாகி நான்கானால் அதே செலவு மடுவாகும். பலாலிக்கு ஏன் நான்கு வருவதில்லை? அங்கே வருவது ஏடிஆர் 72 என்ற, எழுபது எழுபத்தெட்டு ஆசனங்கள் கொண்ட சுழலி விமானம். குறுந்தூரத்துக்கு எரிபொருள் சிக்கனமான நல்ல விமானம்தான். ஆனால் பெரிய ஜெற் விமானம் இறங்கும் நீளத்துக்கு ஓடுபாதை சீராக்கப்படவில்லை. முதற்கட்டம், இரண்டாம் கட்டம் என்று திட்டம் போட்டார்கள், முதற்கட்டத்தோடு நின்றது. செலவழித்தது மத்தளைக்குப் போனதோடு ஒப்பிடவே முடியாத சிறுதொகை. அரைகுறையாகக் கட்டி, அரைகுறை வருமானம் வரும்போது, முழு நிலையத்தின் நட்டம் என்று எழுதுகிறார்கள்.

இந்தியாவிலும் இதே அனுபவம் உண்டு. மானியம் கொடுத்துச் சிறு நகரங்களுக்கு விமானம் விடும் 'உடான்' திட்டத்தில் சேலத்துக்கு 2018 இல் விமானம் வந்தது, 2021 இல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. அத்திட்டத்தில் தொடங்கி மானியம் முடிந்ததும் நின்றுபோன வழித்தடங்கள் பல. நின்றதைப் பார்த்து எல்லாவற்றையும் இழுத்து மூடவும் இல்லை. ஓடுவதைப் பார்த்து எல்லா ஊருக்கும் ஓடும் என்றும் சொல்ல முடியவில்லை. ஊருக்கு ஊர் பார்க்க வேண்டும். நம்மவர்கள் பார்க்க மறுப்பது அதைத்தான்.

அடுத்து, கட்டுநாயக்க உண்மையிலேயே போதுமா? அதன் முனையம் ஆண்டுக்கு 60 இலட்சம் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. 2018 இலேயே ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். ஜப்பானியக் கடனில் 2020 இல் தொடங்கிய இரண்டாம் முனையத்தின் வேலை, 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது அப்படியே நின்றது. எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த நெரிசலை அறிவார்கள். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டியத் தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் ரியாத்துக்கும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணை வழியனுப்ப, நடுச்சாமத்தில் ஹயர் வேன் லயத்தடிக்கு வரும். அம்மா, மாமியார், இடுப்பில் பிள்ளையோடு நாத்தனார், வழி தெரிந்த ஒரு தம்பி என்று வேன் நிறைய ஆள் ஏறும். வேன் காசைக் கடன் வாங்கித்தான் கொடுப்பார்கள். அந்தக் கடன் முதல் சம்பளத்துக்கு முந்தியே வட்டி கேட்கத் தொடங்கும். இரண்டு மூன்று மணி நேரத் தூரத்துக்கே இந்தப் பாடு. எட்டு ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து, கொழும்பில் ஒரு நாள் தங்கி, பிறகு விமானம் ஏறும் குடும்பத்துக்கு என்ன பாடு என்று எங்கள் லயத்துப் பெண்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். பொருளாதாரம் படித்தவர்களுக்குத்தான் இது கணக்கில் வருவதில்லை. விமான நிலையத்தின் நட்டம் ஏட்டில் ஏறுகிறது. பயணியின் நட்டம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இந்தக் கணக்கு முறை எங்கள் பள்ளத்தாக்கை என்ன செய்தது என்று சொல்லாமல் நான் மேலே போக முடியாது. 1902 இல் கொழும்பிலிருந்து அவிசாவளைக்குக் கோச்சி வந்தது. இரண்டரை அடி அகலக் குறுந்தண்டவாளம். அடுத்த ஆண்டு ஒரு கிளை தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாக எட்டியாந்தோட்டை வரை ஓடியது. மற்றக் கிளை 1912 இல் இரத்தினபுரியை எட்டி, 1919 இல் ஓபநாயக்கவில் முடிந்தது. தேயிலைப் பெட்டியையும் இறப்பரையும் துறைமுகத்துக்கு இறக்கத்தான் வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டான். எங்கள் சனத்தை ஏற்றிப் போக வேண்டும் என்று போடவில்லை. ஆனாலும் சனம் ஏறியது. கலியாணத்துக்கும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போனார்கள் என்று எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போர்க்காலத்தில், 1942 இல், எட்டியாந்தோட்டைக் கிளையைக் கழற்றினார்கள். பிறகு பூட்டவே இல்லை. இரத்தினபுரி, ஓபநாயக்க வழியை 1976 இல் மூடினார்கள். சரக்கு லொறிக்கு மாறிவிட்டது, வருமானம் இல்லை, நட்டம் என்றார்கள். அவிசாவளை வரைதான் மறுபடி உயிர் வந்து, தொண்ணூறுகளில் அகலப் பாதையாகி இன்றும் ஓடுகிறது. அதற்கு மேலே, தண்டவாளம் போன தடத்தில் இன்றைக்கு வீடுகளும் பற்றைகளும் இருக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்துக்குள் இன்று ஒரு கோச்சியும் வருவதில்லை. அந்த நட்டத்தை மிச்சம் பிடித்த காசு எங்கே போனது? எங்களுக்கு நல்ல ரோட்டாக வந்ததா? தோட்டத்து ரோடு இன்னும் கல்லும் குழியும்தான். மூடிய வழி மூடியதுதான். மிச்சம் பிடித்ததாகச் சொன்ன காசு ஒருபோதும் அந்த மக்களிடம் திரும்பி வரவில்லை. பலாலியை மூடினால் மிச்சமாகும் காசும் வல்வெட்டித்துறைக்கோ கிளிநொச்சிக்கோ போகாது.

"பலாலி, கனடாவிலும் லண்டனிலும் இருந்து வரும் பணக்காரர்களுக்குத்தானே" என்று சிலர் கேட்கிறார்கள். இதைச் சொல்பவர்களில் எங்கள் மலையகத்தவர்களும் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலாலிக்கு வரும் விமானம் ஏடிஆர். அது லண்டனுக்குப் பறக்காது. சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கிறது. அதில் போகிறவர்கள் யார்? வைத்தியத்துக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போகிறவர்கள், படிக்கப் போகும் பிள்ளைகள், துணி எடுக்கப் போகும் கடைக்காரர்கள், சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்த்தி வைத்தவர்கள், அகதி முகாமில் பிறந்து அங்கேயே தங்கிவிட்ட பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் கிழவர்கள்.

எங்கள் சொந்தக்காரர்களும் அதில் போகிறார்கள். 1948 இல் எங்கள் மலையகத்தவரின் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டார்கள். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் மூட்டை முடிச்சோடு போனவர்கள் மண்டபம் முகாமில் பதிந்து, நீலகிரியிலும் திருச்சியிலும் வேறு ஊர்களிலும் சிதறினார்கள். 1984 இல் அந்தக் கப்பலும் நின்றது. இங்கே மிஞ்சியவர்களை 1977 ஆவணி வன்செயல் அடித்து விரட்டியது. சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. ஆகவே எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் என்றால் அதற்கு மூன்று கால்: ஒன்று இங்கே லயத்தில், ஒன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ தேயிலைத் தோட்டத்தில், மற்றது கிளிநொச்சியில் ஓலைக் கொட்டிலாகத் தொடங்கி இன்று கல்வீடான ஒரு காணியில். கிளிநொச்சியிலிருக்கும் சித்தப்பாவுக்குக் கோத்தகிரியிலிருக்கும் அக்காவின் சாவுக்குப் போய்ச் சேரப் பலாலிதான் பக்கம். இதைப் பணக்காரர் வசதி என்று சொல்கிறவர், எங்கள் வீட்டுக் கதையே தெரியாமல் எங்கள் பெயரில் பேசுகிறார்.

டிக்கெட் விலை எல்லாருக்கும் எட்டாது என்பது சரிதான். அதனால்தான் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பலையும் சேர்த்தே பேச வேண்டும். கப்பலும் விமானமும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. ஒரே கடலைக் கடக்கும் இரண்டு படிகள். ஒன்றைக் காட்டி மற்றதை வெட்டும் பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பலாலியைப் பற்றிச் சொல்லத்தக்க உண்மையான குறை வேறொன்று. அதை இந்த "வெள்ளை யானை"க்காரர்கள் ஒருவரும் சொல்வதில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் எழுந்தோடினார்கள். அவர்களுடைய வீடு, செம்மண் தோட்டம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 2013 இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். பிறகு துண்டு துண்டாகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள்; மிச்சம் இன்னும் வேலிக்குள். அந்த வேலிக்குள்தான் விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று நான் எழுதும்போது, அந்த நீட்டலைச் சாட்டாக வைத்து இன்னும் நாலு குடும்பத்தின் காணியை அளந்து எடுக்க ஒருவரும் துணியக் கூடாது. இருநூறு வருசம் ஒரு மண்ணில் உழைத்தும் வீட்டுக்கு ஏழு பேர்ச் காணிக்கு மன்றாடிக்கொண்டிருக்கும் சனத்தைச் சேர்ந்தவன் நான். காணியை இழந்தவனின் வயிற்றெரிச்சல் எனக்குப் புத்தகத்தில் படித்த விசயமில்லை. படைகளின் கையில் ஏற்கெனவே இருக்கும் நிலத்துக்குள் ஓடுபாதைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, விமான நிலையத்துக்குத் தேவையில்லாத ஏக்கர்களைச் சொந்தக்காரரிடம் கொடுப்பதுதான் நியாயம். அப்படிச் செய்தால், விமானத்தில் ஏறுகிறவரும் வேலிக்கு வெளியே நிற்கிறவரும் ஒரே ஊர்க்காரராக இருப்பார்கள்.

கடைசியாக, எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு சொல். பலாலிக்காக நான் பேசுவதைக் கேட்டு, "அப்படியானால் மலையகத்துக்கும் ஒரு விமான நிலையம் கேளுங்கள்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கண்டிக்கு, நுவரெலியாவுக்கு உள்ளூர் விமான நிலையம் என்ற பேச்சு ஆட்சிக்கு ஆட்சி எழுந்து அடங்குகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் இறங்குகிறது. பங்களாக்களுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். கரையோரத்து லயத்துப் பிள்ளைகள் அதைக் கைகாட்டிப் பார்ப்பதோடு சரி. பலாலிக்கு வைத்த அதே அளவுகோலை நான் எங்களுக்கும் வைக்கிறேன்: ஏற்கெனவே யார் போகிறார், எங்கே போகிறார், எதில் கஷ்டப்படுகிறார்? கேகாலை மாவட்டத்துத் தோட்டச் சனம் போவது கட்டுநாயக்கவுக்கும் கொழும்புக்கும் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கும். அவர்களுக்கு மலையைச் சீவி ஒரு ஓடுபாதை போட்டால் அது மத்தளைதான். மண்சரிவுக்குப் பயந்து வாழும் மலைகளில் அது பாவமும் கூட. 2016 மே மாதத்தில் அரநாயக்கவும் புளத்கொஹுபிட்டியவும் எத்தனை பேரைப் புதைத்தன என்பதை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

எங்களுக்கு வேண்டியது சிறியது. தெரணியகலையிலிருந்தும் எட்டியாந்தோட்டையிலிருந்தும் அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்கவுக்கு இரவு பத்து மணிக்கு ஒரு அரச பஸ், விடியற்காலையில் அங்கிருந்து திரும்ப ஒன்று. பொதி வைக்க இடம் உள்ளதாக இருக்கட்டும். தோட்டத்துச் சந்திகளில் நின்று ஏற்றட்டும். ஹயர் வேனுக்குக் கொடுக்கும் கடன் அதோடு நிற்கும். யாழ்ப்பாணத்தில் நீள வேண்டிய ஓடுபாதையும் எங்கள் சந்தியில் நிற்க வேண்டிய இந்த பஸ்ஸும் ஒரே அமைச்சரவை மேசையில், ஒரே கணக்குப் பிள்ளையின் "நட்டம்" என்ற குறிப்போடு கிடக்கின்றன. இரண்டையும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.